மற்றவை

காலை ஏழு. செந்தூல் முச்சந்தி.
ஒரு மடக்கு நாற்காலி, ஒளிரும் சட்டை,
உள்ளங்கைக்குள் அடங்கும் எண்ணும் கருவி.
ஓர் ஆளுக்கு ஓர் அழுத்தல்.
நாள் சம்பளம் எண்பது வெள்ளி.

படிவத்தில் கட்டங்கள்:
கார், மோட்டார், வேன், பஸ்,
இரண்டு அச்சு லோரி, மூன்று அச்சு லோரி.
கடைசியில், கோடு கொஞ்சம் கோணலாக,
லாயின்-லாயின். மற்றவை.

நடக்கிறவர்களை எங்கே போடுவது என்றேன்.
மேற்பார்வையாளர் தயாநிதி
நாசி லெமாக் பொட்டலத்திலிருந்து தலை தூக்காமல்,
"மத்ததுல போடுங்கக்கா.
ஆடு மாடு வந்தாலும் அங்கதான்."

கார்களைப் பக்கத்தில் இருந்த பையன் எண்ணினான்.
அவன் கருவி வெட்டுக்கிளிபோல் கத்திக்கொண்டே இருந்தது.
ஒரு காருக்கு ஒருவர்,
பக்கத்து இருக்கையில்
வார் போடாத ஒரு பை.

மற்றவை மெதுவாக வந்தன.

இரவுப் பணி முடிந்த தாதி ஒருத்தி
காலணியைக் கையில் பிடித்து
மூடியில்லாத சாக்கடையைத் தாண்டினாள்.
தோளில் தூங்கும் பிள்ளையோடு இன்னொருத்தி:
ஒன்றா, இரண்டா?
பிள்ளை நடக்கவில்லை.
ஆனாலும் இரண்டு அழுத்தினேன்.
டிஸ்யூ விற்கும் கண் தெரியாத கணவன் மனைவி
அவர்களுக்கென்றே பதித்த மஞ்சள் கல்லை விட்டு
விலகியே நடந்தார்கள்.
கல் நேராகப் போய்
விளக்குக் கம்பத்தில் முட்டுகிறது.
அதை நம்புவதை எப்போதோ நிறுத்தியிருப்பார்கள்.

மேலே நடைபாலம் இருக்கிறது.
ஐம்பத்து நான்கு படி. மின்தூக்கியில்
'பழுது' என்று ஒட்டிய தாளே பழுதாகிவிட்டது.
பாலத்தின் இடுப்பில் அடுக்குமாடி விளம்பரம்:
'ரயிலுக்கு மூன்றே நிமிடம்.'
யாருடைய காலில் என்று எழுதவில்லை.

சாலை நடுவே காகிதப்பூச் செடி வரிசை.
ஒரே ஓர் இடத்தில், ஓர் ஆள் அகலத்துக்கு,
செடி இல்லை.
நட்டிருக்கிறார்கள். மிதித்திருக்கிறார்கள்.
மறுபடி நட்டிருக்கிறார்கள்.
இந்த முச்சந்தியில் ஒழுங்காகத் தீட்டிய திட்டம்
அந்த இடைவெளி ஒன்றுதான்.
அதைத் தீட்டியவர்களுக்குச் சம்பளம் இல்லை.

பத்தரைக்குக் கழிப்பறை தேடினேன்.
எதிர்ப்பக்கப் பெட்ரோல் நிலையம்தான்.
பொத்தானை அமுக்கிவிட்டு
வெயிலில் இரண்டு நிமிடம் நின்றேன்.
பச்சை மனிதன் வந்தான்.
ஆறு தடம், ஒன்பது விநாடி,
என் முழங்காலுக்கோ வயது ஐம்பத்தொன்று.
நான்காவது தடத்தில் அவன் சிவந்துவிட்டான்.
லோரி ஒன்று ஆரன் அடித்தது.
பயத்தில் விரல் அழுத்திவிட்டது:
இருநூற்றுப் பதினேழு.

நான்தான் அது.

இந்தக் கருவி பின்னோக்கி எண்ணாது.
திரும்பி வரும்போது, சரி, அதுவும் கணக்குதானே என்று
பதினெட்டையும் அழுத்தினேன்.
என் நாற்காலி காலியாகக் கிடந்த வேளையில்
எத்தனை பேர் கடந்தார்களோ,
அவர்கள் மற்றவையிலும் இல்லை.

மூன்று மணி மழையில்
ஐந்தடிக்குள் ஒதுங்கப் போனால்
அங்கே மோட்டார்கள் முன்பே ஒதுங்கியிருந்தன.
ஈரத்தோடு ஈரமாகக் குறிப்புப் பகுதியில் எழுதினேன்:
சாக்கடைக்கு மூடி, இரண்டு.
பச்சைக்கு இன்னும் பன்னிரண்டு விநாடி.
கம்பத்தை நகர்த்த முடியாவிட்டால்
மஞ்சள் கல்லையாவது வளைக்கவும்.
இனிமேல் அந்த இடைவெளியில் செடி நட வேண்டாம்,
அங்கே வெள்ளைக் கோடு போடவும்.

தயாநிதி படித்தார். இரண்டு முறை படித்தார்.
"நல்லா இருக்குக்கா.
ஆனா கணினியில குறிப்புக்குக் கட்டம் இல்ல."
கொஞ்சம் யோசித்துத் தாளைக்
கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மாலை ஏழு. கருவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
என் பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம்.
செடி இல்லாத இடத்தில்
காலையில் பார்த்த அதே தாதி, மறுபடி பணிக்கு,
மறுபடி காலணி கையில்.
இடமும் வலமும் பார்த்தோம்.
ஒரு மோட்டாருக்காக அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

கையில் ஒன்றுமில்லை.
கட்டைவிரல் மட்டும்
இரண்டு முறை அழுத்திக்கொண்டது.